முதலில் சோதித்த ரத்தம்

திண்டிவனம்,
14.2.2025

அன்பு மகள் அக்னசுக்கு அப்பா எழுதிக்கொள்வது. அம்மாவும் நானும் வேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், மாதா தயவில் நீயும் எடின்பரோ குளிரில் சுகமாக இருக்க வேண்டும். இதைப் போனில் பேச வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுங்கள் என்று பத்து வருஷம் நீ கெஞ்சியும் நான் கொடுக்கவில்லை. என் அக்கா சவுரியம்மாள் மார்பில் கட்டி வந்து நாற்பத்தோரு வயதில் போனதைக் குடும்ப மானம் என்று மூடி வைத்தவன் நான். கிளியனூரில் தம்பி சவுரிராயனின் மூத்த மகள் அன்புச்செல்விக்கும் கட்டி என்றதும், அவளோடு விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் கையை நீட்டினேன். திங்கட்கிழமை முடிவு வந்தது. ஐயா, மார்புல புத்து வர வைக்கிற அந்த ஜீன் கோளாறு உங்க ரத்தத்துலயும் இருக்குதுங்க, ஆம்பளைங்க வழியாவும் பொண்ணுங்களுக்குப் போகும் என்றார் டாக்டரம்மா. இதை நம்ம பக்கத்துக் குடும்பங்கள்ல கண்டுபிடிச்சவங்க திண்டிவனத்துக்காரங்கதான், டாக்டர் அக்னஸ்னு பேரு, முதல்ல சோதிச்சது தன் ரத்தத்தைத்தான், அதுலயும் இருந்துச்சுன்னு ஒரு கூட்டத்துல அவங்களே சொன்னாங்க என்றார். அது என் பொண்ணும்மா என்று சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். மாவு பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஏழு வருஷத்துக்கு முன் டைபாய்டு என்று கிறிஸ்துமசுக்கு வராமல் இருந்தாயே, அப்போது அந்தக் கோளாறுக்காக இரண்டு மார்பையும் எடுத்துவிட்டு நீ தனியாகப் படுத்திருந்தாயாம். அப்பா வழியா வந்ததுன்னு தெரிஞ்சா ஒடிஞ்சிபோயிடுவாரு, சொல்லாதம்மா என்று சத்தியம் வாங்கினாயாம். அந்த வாரம்தான் உனக்குத் திமிர் ஏறிவிட்டது என்று போனில் திட்டினேன். நீ ஊர் ஊராக அலைந்து ரத்தம் எடுத்ததெல்லாம் பெரிய பேர் வாங்க என்று நினைத்திருந்தேனே அக்னஸ்.

தம்பி பெண்களைச் சோதனைக்குக் கூட்டிப்போக நேற்று கிளியனூர் போனேன். வெளிய தெரிஞ்சா மத்த ரெண்டு பொண்ணுங்களை எவன் கட்டுவான், பேஜாரு பண்ணாதண்ணா என்றான் தம்பி. என் பொண்ணு தன் மாரையே அறுத்துக்கினு கண்டுபிடிச்சது இது, ஜல்தி கிளம்பச் சொல்லுடா என்று கத்திவிட்டேன். அவனே உள்ளே போய் அந்த இரண்டு பெண்களையும் கிளம்பச் சொன்னான். இருவரும் என்னோடு பஸ் ஏறி வந்து ரத்தம் கொடுத்தார்கள், முடிவு வர மூன்று வாரம் ஆகுமாம். அன்புச்செல்விக்கு அடுத்த வாரம் ஆபரேஷன், சீக்கிரமே பார்த்துவிட்டதால் பயமில்லை என்கிறார்கள்.

மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. உனக்கு அடுத்த பரிசோதனை எந்தத் தேதி என்று மறைக்காமல் எழுது. நான் அங்கே வர பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். இனி நீ ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகக் கூடாது.

உன் அப்பா,
லூர்துநாதன்