பிழைக்காதவருக்கும் பார்த்த ரத்தம்

புரட்டாசி, வெள்ளிக்கிழமை

என் வீட்டுக்காரர் இறந்து இன்றோடு ஒரு வருஷம். அவரைக் கடைசியாகச் சேர்த்திருந்த தாம்பரம் ஆஸ்பத்திரியிலேயே போய் ரத்தம் கொடுத்தேன். டெஸ்ட் பண்ண வேண்டும் என்று ரத்தப் பையைத் தனியாக எடுத்து வைத்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

“என் ரத்தத்துல இன்னா கொற கீது?”

நர்ஸ் சிரித்தாள். “கலெக்டர் குடுத்தாலும் இப்படித்தான்க்கா. எச்ஐவி, மஞ்சக்காமாலை எல்லாம் பாக்காம யாருக்கும் ஏத்த மாட்டோம்.”

“என் வூட்டுக்காரருக்கு ஏத்துனது?”

“அதுவும் பாத்ததுதான்க்கா.”

லாரி இடித்துக் கிடந்தவர். பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் வந்த உடனே சொல்லிவிட்டார். அவருக்கு ஏற்றிய ரத்தத்தாலும் பின்னால் ஒரு நோய் வந்துவிடக் கூடாதே என்று, முகம் தெரியாத யாரோ உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். இன்னும் நாற்பது வருஷம் இருக்கப்போகிறவருக்குப் பார்ப்பது போல.

கையில் ஒட்டிய பஞ்சை எடுக்க மனசு வரவில்லை.