முனியம்மாவின் கைநாட்டு

1959 ஜனவரி 12, திங்கள்

சேரிக்குப் பாதை போடச் சிரமதான முகாம் நடத்த மானியம் கேட்டு, காலையில் உத்திரமேரூர் பிளாக் ஆபீசில் மனு கொடுத்தேன். மண் சுமக்க வருவதாகப் பதினெட்டுப் பேர் அதில் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். பாதை பெரிய வீட்டுக்காரரின் வயலை ஒட்டிப் போகிறது.

மாலை பள்ளிக்கூடம் விட்டதும், கைநாட்டு வைத்த முனியம்மா ஓடிவந்தாள்.

"வாத்தியாரே, யார் யார் பேரு கீதுன்னு பெரிய வூட்டுக்காரரு கேட்டுக்கினு கீறாரு. பேரு இருந்தா அறுப்புக்கு வராதன்ட்டாரு. என் பேர அடிச்சிடு சார்."

"அடித்துவிடுகிறேன், பயப்படாதே" என்றேன். மனு போய்விட்டதென்று சொல்ல வாய் வரவில்லை. அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

நாளை அவர் பிளாக் ஆபீசுக்குப் போகிறாராம். கேட்டால் மனுவை எடுத்துக் காட்டிவிடுவார்கள். விடிந்ததும் நான் முந்திப் போய் அதைத் திரும்பக் கேட்க வேண்டும். பாதை போனாலும் போகட்டும். ஆனால் இங்கிருந்து காலையில் ஒரே பஸ். அவரும் அதில்தான் வருவார்.