மருமகனுக்கு வாங்கிய ஜி.பி.எஸ்

ரொஷானி அப்பாவுக்கு,

பிள்ளை மடுவத்துக்குக் கொழுந்தெடுப்பவர்களின் குழந்தைகள் வந்துவிடும், பார்த்துக்கொள்ள நான் போகிறேன். சாவி பக்கத்து வீட்டுப் பெரியாயியிடம். மருமகன் ஜெஸ்டின் மத்தியானம் மட்டக்களப்பு பஸ்ஸில் வருகிறார், நம் வீட்டுக்கு முதல் தடவையாக. ரொட்டியும் மாசிச் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன். இருவரும் சேர்ந்து சாப்பிடுங்கள்.

"மீன் பிடிக்கிறவனுக்கு என் வாசல்ல என்ன வேலை?" என்று கல்யாணத்திலிருந்து சொல்லி வந்தவர் நீங்கள். போன மாதம் மழை இருட்டில் கரை தெரியாமல் அவர் படகு அலைந்ததைக் கேட்டதும், பண்டாரவளையில் கடை கடையாக ஏறினீர்கள். "ஈரக் கையால அமுக்கினா வேல செய்யுமா? தண்ணியில விழுந்தா மெதக்குமா?" என்று கேட்டுக் கேட்டு, தொடுதிரையை விட்டுப் பொத்தான் வைத்த ஜி.பி.எஸ்ஸாகத் தெரிவு செய்தீர்கள். எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

ஒரு பிழைதான். தேயிலை மலையில் நடந்து சோதித்துப் பார்த்தபோது, 'வீடு' என்று நாம் இருக்கும் லயத்தைப் பதிந்துவிட்டீர்கள். கடலில் அதை அமுக்கினால் இங்கே பதுளைக்கல்லவா வழி காட்டும்! ஊருக்குப் போனதும் அவருடைய கரையை 'வீடு' என்று பதியச் சொல்லுங்கள். லயத்தை அழிக்க வேண்டாம், 'மாமா வீடு' என்று இருக்கட்டும்.

நான் வரும்வரை காத்திராமல் நீங்களே அவர் கையில் கொடுங்கள்.

ஜெபமலர்

பி.கு: ரொஷானியிடம் போனில் சொன்னேன். "அப்பாவா வாங்குனாரு?" என்று அழுதேவிட்டாள். ரொம்ப நன்றிங்க. நேரில் சொன்னால் "போ, வேலயப் பாரு" என்பீர்கள், அதனால்தான் எழுதினேன்.