வலியை மறைத்த மரியாதை

அக்கா,

இன்று காலை மூட்டு டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். உள்ளே அனுப்பும் முன் நர்ஸ் பெண் ஒரு காகிதத்தை நீட்டினாள். அதில் ஒரு நீளக் கோடு. இந்த முனை வலியே இல்லை, அந்த முனை தாங்க முடியாத வலி, உங்கள் வலி எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு குறி போடுங்கள் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களிடம் கொடுத்திருந்தால் வலியே இல்லாத முனையில் குறி போட்டுவிட்டு, "சாப்ட்டயா கண்ணு?" என்று அவளையும் விசாரித்திருப்பீர்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாம் பழகியதே டாக்டர் வாசல் பெஞ்சில்தான். நீங்கள் கோபிசெட்டிபாளையத்திலிருந்து பஸ் ஏறி, டாக்டருக்கென்று ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வருவீர்கள். நான் உள்ளூர், கோட்டைமேட்டிலிருந்து. இருவருக்கும் முடக்குவாதம். முதல் நாள் பிளாஸ்க் மூடியைத் திறக்கச் சொல்லி என்னிடம் நீட்டினீர்கள். என் விரல்களுக்கும் முடியவில்லை. பக்கத்திலிருந்தவர் திறந்து கொடுத்த காபியைப் பங்கு போட்டுக் குடித்தோம்.

டாக்டர் பொறுமைசாலி. ஒவ்வொரு முறையும் விரல், மணிக்கட்டு, முழங்கை என்று அழுத்திப் பார்த்து, வலிக்கும் மூட்டுகளையும் வீங்கிய மூட்டுகளையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்வார். காலையில் எழுந்தால் எவ்வளவு நேரம் கை மடங்காமல் இருக்கிறது என்று கேட்பார். ரத்தப் பரிசோதனையும் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டுவதா, அப்படியே விடுவதா என்று முடிவு செய்வார். இரண்டு மூன்று பேரை ஒன்றாக உள்ளே உட்காரவைப்பது அங்கே வழக்கம் என்பதால் உங்கள் பதில் எனக்கும் கேட்கும்.

"வலி எப்படிம்மா இருக்கு?"

"நல்லாருக்கேனுங்க. எல்லாம் உங்க கைராசிங்க."

அவர் அழுத்தும்போது முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. ஆனால் விரல் கணுக்கள் வீங்கியிருக்கும், ரத்தத்தில் உள்வீக்கத்தைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். எகிறியிருக்கும். குழம்பிப்போன டாக்டர் மறுபடி ரத்தம் கொடுக்கச் சொன்னார். "ஆமாங்க, லேபுலதான் மாத்திப் போட்டிருப்பாங்க" என்று நீங்களும் ஒத்து ஊதினீர்கள். மருந்து அதே அளவில் தொடர்ந்தது.

வெளியே வந்து ஏன் இப்படி என்று கேட்டேன்.

"அவரு அத்தனை சிரமப்பட்டுப் பாக்கறாரு. கொறையலீன்னு மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது அம்மணி? மனசு நோவாதா?"

டாக்டரின் மனசு நோகக் கூடாது என்று உங்கள் விரல்கள் கோணிக்கொண்டிருந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த முறை முந்தின நாளே வந்து எங்கள் வீட்டில் தங்கினீர்கள். விடியும் முன் நான் ஃபஜ்ர் தொழ எழுந்தபோது ரவிக்கைக் கொக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு மருந்து நன்றாகக் கேட்டிருந்தது. நான்தான் மாட்டிவிட்டேன், தலையும் பின்னிவிட்டேன். டீ டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துத்தான் உங்களால் குடிக்க முடிந்தது. கிளம்பும் முன் ஒரு வலி மாத்திரை. "டாக்டர் முன்னால கொஞ்சம் தெளிவா இருக்கோணுமல்லோ!" மதியம் அவர் எதிரே உட்கார்ந்து அதே பாட்டைப் பாடினீர்கள்.

"பொய் சொல்றாங்க டாக்டர்," என்றேன்.

கொக்கி, டம்ளர், மாத்திரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அறையில் ஆண்களும் இருந்தார்கள். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையில் கொஞ்சம் காற்றடித்து உங்கள் கையில் கொடுத்து, பிடியின் பலம் தெரிய முடிந்தவரை அழுத்தச் சொன்னார். பாதரசம் லேசாக எழும்பி அங்கேயே நின்றுவிட்டது. அதற்கு மரியாதை தெரியாது அக்கா.

"நீங்க உள்ளதைச் சொல்லலைன்னா மருந்து வேலை செய்யுதான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டார். அன்றே மாத்திரையின் அளவைக் கூட்டினார்.

காந்திபுரம் பஸ் நிலையம் வரை நானும் கூட வந்தேன். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் ஜன்னல் வழியாக, "மானத்தை வாங்கிப்போட்டயே அம்மணி," என்றீர்கள். அடுத்த மாதம் பெஞ்சில் என்னை விட்டுத் தள்ளி உட்கார்ந்தீர்கள். உறவு அவ்வளவுதான் என்று நினைத்து வீட்டுக்கு வந்து அழுதேன். அதற்கடுத்த மாதம் பிளாஸ்கோடு பக்கத்தில் வந்தீர்கள். மூடியை நீங்களே திறந்து எனக்கு ஊற்றினீர்கள். உள்ளே போனதும் டாக்டர் அழுத்தினார்.

"இந்த மணிக்கட்டு மட்டும் இன்னும் வலிக்குதுங்க," என்றீர்கள்.

சொல்லிவிட்டு ஏதோ திருடியவர் போல என்னைப் பார்த்தீர்கள். வலிக்கிறது என்று கேட்டு ஒரு டாக்டர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். வீக்கம் வடிந்திருந்தது, பாதரசமும் முன்னைவிட ஏறியது. முன்பே கோணிவிட்ட இரண்டு விரல்கள் மட்டும் கடைசிவரை நிமிரவில்லை.

போன வருடம் நெஞ்சு நோயோடு நீங்கள் படுத்திருந்தபோது கோபி ஆஸ்பத்திரிக்கு வந்தேன். மகனிடமும் மருமகளிடமும் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அவர்கள் வெளியே போனதும் என் கையைப் பிடித்தீர்கள்.

"ரொம்ப வலிக்குது அம்மணி. நீயே போய்ச் சொல்லு."

எழுந்து போய் நர்ஸிடம் சொன்னேன். ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் தூங்கினீர்கள். அத்தனை சொந்தம் இருக்க, அந்த வார்த்தையை என்னிடம்தான் சொன்னீர்கள். நீங்கள் போன பிறகு அதை வைத்துக்கொண்டுதான் அக்கா இருக்கிறேன்.