திங்கட்கிழமை ஊதாத இன்ஜின்

அன்புள்ள மகளுக்கு,

கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு எதைக் காட்டலாம் என்று கேட்டிருந்தாய். நம் தெருமுனை ரயில் அருங்காட்சியகமே போதும். உன் அப்பா ஓட்டிய நீராவி இன்ஜினைப் பெயின்ட் அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். பலகையில் இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன. கூடவே நின்று திருத்த வைத்தேன்.

பிள்ளைகள் கயிற்றை இழுத்தால் அது நிஜமாகவே ஊதும். அதே குரல். அப்பா வளைவில் ஊதியதும் அவர் குளிக்க வெந்நீர் வைப்பேனே, நினைவிருக்கிறதா? அவர் போய் ஆறு வருடமாகியும், ஊதினால் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்பது முறை.

"தாங்கலன்னா புகார் எழுதிக் குடும்மா. உன் கையெழுத்தப் பார்த்தே பயந்துடுவாங்க" என்று அன்றிரவு போனில் சொன்னாய். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி, மறுநாள் கொண்டுபோனேன்.

"திங்கக்கிழமை லீவும்மா, நாளைக்கு வாங்க" என்றார் காவலாளி.

வீடு திரும்பி, இருட்டும்வரை அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒருமுறைகூட ஊதவில்லை. புகாரைக் கிழித்துப் போட்டேன்.

பிள்ளைகளை மற்ற எந்த நாளும் அழைத்துவரலாம். நீ மட்டும் தனியாக வருவதானால் திங்கட்கிழமை வா. அன்று பார்க்க ஒன்றும் இருக்காது. இருந்தாலும் அன்றைக்கே வா.

உன் அம்மா