பதினொரு நாளும் நாலு வருஷமும்

வெள்ளவத்தை
06.09.2025

அன்பு மகன் கார்த்திகனுக்கு,

நீயும் தாரிகாவும் குஞ்சும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேணும் எண்டு காலமை விளக்குக் கொளுத்தேக்கை நினைக்கிறனான். இஞ்சை நானும் அப்பாவும் இருக்கிறம். அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் கொஞ்சம் வத்தியிருக்கு, லிஃப்ட் வேலை செய்யிற நாளில கடற்கரைப் பக்கம் நடந்திட்டு வாறார். எனக்குப் பிரஷர் குளிசையை மாத்தித் தந்திருக்கினம். நிலையம் எப்பிடிப் போகுது அம்மா எண்டு நீ போனில ரெண்டு முறை கேட்டனி, நான் மழையைப் பற்றிக் கதைச்சு விட்டிட்டன். வாயால சொல்ல ஏலாமல் கிடந்தது, அதுதான் எழுதுறன்.

பென்ஷன் எடுத்த பிறகு கொட்டாஞ்சேனையில நான் தொடங்கின முன்பள்ளி ஆசிரியர் பயிற்சி நிலையத்தை நீ ஒருக்காத்தான் வந்து பாத்தனி. மேல வகுப்பு, கீழ சின்னப் பிள்ளையளுக்கு நேசரி. படிக்கிற பிள்ளையள் காலமையில நேசரியில வேலை செய்து பழகுவினம். அதில வருஷம் ரெண்டு பேரை நியூசிலாந்தில ஒரு கல்லூரி எடுக்கும். இந்தப் பிள்ளை இவ்வளவு காலம் எங்களிட்ட வேலை செய்தவள் எண்டு நான் எழுதுற கடிதம் ஒண்டு இருந்தால் அவைக்குக் காணும், வேறை ஒண்டும் கேட்கமாட்டினம். ஏழு வருஷம் அப்பிடி நடந்தது. போனவையில ரெண்டு பேர் திரும்பி வந்து வத்தளையிலயும் தெமட்டகொடையிலயும் நேசரி நடத்தினம், அவையிட்ட பன்னிரண்டு பொம்பிளையள் சம்பளத்துக்கு நிக்கினம். பெற்றோலுக்கு வரிசையில நிண்ட அந்த வருஷத்தில கூட அந்த ரெண்டு இடமும் பூட்டேல்லை.

போன வருஷம் பொங்கல் கழிஞ்ச கையோட நீ போன் எடுத்தாய். தாரிகாவின்ர சித்தியின்ர மகள் உஷாந்திக்கு மூண்டு வருஷம் வேலை செய்தவள் எண்டு அந்தக் கல்லூரிக்கு ஒரு கடிதம் குடுங்கோ அம்மா, எல்லாரும் செய்யிறதுதானே எண்டாய். அவள் எங்களிட்ட வந்தது பதினொரு நாள். ரெண்டு நாள் யோசிச்சன், பிறகு சம்பந்தி வீட்டில மனஸ்தாபம் வரக்கூடாது எண்டு எழுதிக் குடுத்தன். உன்னைக் குறை சொல்லேல்லை ராசா, பேனை என்ர கையிலதான் இருந்தது. அங்க போய் ரெண்டாம் மாசம் பதினைஞ்சு குழந்தையளோட தனிய விட்டிருக்கினம், அவள் நடுவில நிண்டு அழுதிருக்கிறாள். ஏன் எண்டு கேட்க, நடந்ததை நடந்தபடி சொல்லிப்போட்டாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு நான் பொய் எழுதிக் குடுத்திருக்கிறன்.

இனி உங்கட நிலையத்தின்ர கடிதம் எதையும் ஏற்கமாட்டம் எண்டு கல்லூரி எழுதிச்சுது. அந்த நேரம் அவையிட்ட கிடந்தது அஸ்காவின்ர விண்ணப்பம். ஒழுங்கை முனையில ஹாட்வெயார் கடை வைச்சிருக்கிற பலீல் நானாவின்ர மகள். நாலு வருஷம் ஒரு நாள் பிந்தி வரேல்லை. நாலு வயசாகியும் வாய் திறக்காத இப்ஹாம் எண்ட பிள்ளைக்குப் பக்கத்தில மாசக்கணக்கா இருந்து அவனைக் கதைக்க வைச்சவள். படிச்சிட்டு வந்து கடைக்கு மேல நேசரி தொடங்கிறதெண்டு எல்லாம் பேசி முடிஞ்சு, பலீல் நானா மேல் அறையில அடுக்கின பெயின்ற் வாளியளை இறக்கி, தாய் நளீபா சுவருக்கு மஞ்சள் அடிச்சும் போட்டா. மூண்டு பேரை வேலைக்கும் பாத்து வைச்சிருந்தவை.

நான் கல்லூரிக்கு எழுதினன். உஷாந்திக்கு எழுதினது பொய், பிழை என்ர, அஸ்காவுக்கு எழுதினது ஒவ்வொரு சொல்லும் உண்மை எண்டு. ஒரு கிழமையில பதில் வந்தது. உங்கள் நேர்மைக்கு நன்றி, நாங்கள் எடுத்த முடிவு சரி எண்டு உங்கள் கடிதமே காட்டுது எண்டு.

அஸ்காவைக் கூப்பிட்டு ஒண்டையும் ஒளிக்காமல் சொன்னன்.  நான் நாலு வருஷம் வந்தது உங்களுக்குத் தெரியுந்தானே டீச்சர், அது காணாதா எண்டு அவள் கேட்டாள். கோவமாய்க் கேட்கேல்லை, தெரிஞ்சுகொள்ளத்தான் கேட்டாள். முப்பது வருஷம் வகுப்பில நிண்டு, படிச்சால் நீங்களும் முன்னேறலாம் நாடும் முன்னேறும் எண்டு சொல்லிக் குடுத்தனான். இந்தப் பிள்ளை படிச்சவள். அவளின்ர படிப்பை நம்ப ஒருத்தரும் இல்லை எண்டால் அதை வைச்சு அவள் என்ன செய்யிறது? 

இதுக்குப் பிறகு நிலையத்துக்கு ஆக்கள் வரமாட்டினம் எண்டுதான் நினைச்சன். வந்தினம். கல்லூரி மறுத்த கதை ஒருத்தருக்கும் போய்ச் சேரேல்லை, கனகேஸ்வரி டீச்சர் கடிதம் குடுப்பா எண்ட கதைதான் போயிருக்கு. போன கிழமை ஒருத்தர் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து, வகுப்பு வேண்டாம், கடிதம் மட்டும் தாங்கோ எண்டு காசு வைச்ச என்வலப்பை மேசையில வைச்சார். நான் சத்தம் போட்டன். அவர் ஆறுதலாய், அப்ப பதினொரு நாள் வந்த மற்றப் பிள்ளைக்கு ஏன் குடுத்தனீங்கள் எண்டு கேட்டார். பக்கத்தில மகள் என்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டாள்.  முதலாம் திகதி நிலையத்தைப் பூட்டிக் கட்டிடச் சொந்தக்காரரிட்டத் திறப்பைக் குடுத்திட்டன். நேசரிப் பிள்ளையளைத் தாய்மார் வந்து கூட்டிக்கொண்டு போட்டினம்.

அஸ்கா இப்ப புறக்கோட்டையில ஒரு துணிக்கடையில வேலைக்கு நிக்கிறாள். மேல் அறையில திரும்பவும் வாளி அடுக்கிப்போட்டினம். அவளுக்கு ஒருக்கால் போன் எடுத்து மன்னிப்புக் கேக்கப்போறாய் எண்டால், வேண்டாம் அப்பன். அவள் நல்ல பிள்ளை, பரவாயில்லை எண்டுதான் சொல்லுவாள். அதைக் கேட்டால் எங்களுக்கு மனம் லேசாகும், அவளுக்கு ஒண்டும் ஆகாது.

உஷாந்தியை ஒருத்தரும் ஏசவேண்டாம் எண்டு தாரிகாவிட்டச் சொல்லு. குஞ்சுக்குக் குளிர் தொடங்க முதல் ஊசியைப் போட்டு விடுங்கோ, மறக்காதை. மூண்டு பேரும் நல்லாயிருங்கோ, பிள்ளையார் துணை.

அம்மா
கனகேஸ்வரி ஸ்ரீஸ்கந்தராசா