ஒரே அளவில் இரண்டு வீடு

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே உடம்பளவில் எல்லாரும் சுகம். உன் மனைவியும் குழந்தையும் நன்றாக இருப்பதாக நீ அண்ணிக்கு எழுதிய கடிதத்தைப் படித்துத் தெரிந்துகொண்டேன். நாலு வருஷத்தில் வந்த முதல் கடிதம். உறையின் மேல் அண்ணி பெயர்தான் இருந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை, வருத்தப்பட எனக்கு யோக்கியதையும் இல்லை.

அண்ணி அதைப் படித்துவிட்டு என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை. உனக்குத் தெரியுமே, அவள் கத்தினால் பத்து நிமிஷத்தில் ஓய்ந்துவிடும். பேசாமல் இருந்தால்தான் வீட்டில் நிற்க இடம் இருக்காது.

நீ அங்கே சொந்தமாகப் பூட்டுக்கடை வைக்கப் போவதைப் படித்து நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். முன்பு வேலை பார்த்த கடையிலிருந்து, நம்பகமான ஆள் என்று ஒரு சான்று வேண்டுமென்று அங்கத்து வணிகர் சங்கத்தில் கேட்கிறார்களாம். அண்ணனிடம் வாங்கி அனுப்ப முடியுமா என்று அண்ணியைக் கேட்டிருக்கிறாய். மூன்று நாள் உட்கார்ந்தேன். கடைப் பெயர் அச்சடித்த தாளை எடுத்து, ‘என் தம்பி நம்பகமானவன்’ என்று எழுதுவேன். அதோடு கை நின்றுவிடும். உன் மேல் சந்தேகம் வந்து அல்ல. கீழே கையெழுத்துப் போடப் போகிறவன் யார் என்று யோசித்தால் பேனா நகரவில்லை.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். தெரியாத பாதி அதற்குள் இருக்கிறது.

அன்று மத்தியானம், ஓய்வுபெற்ற தபால்காரர் காலாற நடந்துவிட்டு வந்து, கண் மங்கலில் பக்கத்து வீட்டுக் கதவில் சாவியைப் போட்டார். அது திறந்துகொண்டது. முப்பது வருஷம் ஒரு கடிதத்தைக்கூட வீடு மாற்றிப் போடாத மனிதர், செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, தையல்காரம்மாவின் கட்டிலில் ஏறிப் படுத்துத் தூங்கிப் போனார். அந்த அம்மா வந்து பார்த்துப் போட்ட கூச்சலில் தெருவே கூடியது. சிரித்துவிட்டுப் போக வேண்டிய விஷயம். ஆனால், அவரிடம் இந்தச் சாவி எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டு மொத்தக் கூட்டமும் நம் கடைக்கு வந்தது. தாத்தா காலத்திலிருந்து, நாம் பூட்டுப் போட்ட வீட்டுக்காரர்களெல்லாம் ஒரு சாவியை நம் கடைப் பலகையில் மாட்டிவிட்டுப் போகிறவர்கள். வேறு எங்கே போவார்கள்?

முந்தின வாரம்தான் நீ தபால்காரருக்கு மாற்றுச் சாவி வெட்டிக் கொடுத்திருந்தாய். அன்றுதான் அவர் அதை முதல்முதலாக ஒரு பூட்டில் போட்டார். எனக்கு அது வசதியாக ஞாபகம் வந்தது. தம்பி தப்பான கொக்கியிலிருந்து சாவியை எடுத்து, அதைப் பார்த்து வெட்டிவிட்டான் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். நீ கோபப்படக்கூட இல்லை.

“அண்ணே, இத அவர் வீட்லயும் போட்டுப் பாப்போம். ரெண்டும் திறந்தா தப்பு சாவில இல்ல” என்றாய்.

நீ அதைச் சொன்ன நிமிஷமே எனக்கு உண்மை தெரிந்துவிட்டது, தம்பி. உனக்குத் தெரியாத பாதி இதுதான். இரண்டு வீட்டுப் பூட்டும் ஒரே வாரத்தில் நான் போட்டவை. சாவியின் ஐந்து வெட்டுக்கும் ஐந்து எண், ஒரு வீட்டுக்குப் போன எண்கள் இந்தப் பேட்டையில் இன்னொரு வீட்டுக்குப் போகக் கூடாது என்று தாத்தா அளவு நோட்டு போட்டு வைத்தார். அப்பா அதைத் திறக்காமல் ஒரு பூட்டுக்குள்ளும் சாவி வெட்டுக்கு ஏற்ற ஊசிகளை அடுக்கியதில்லை. எனக்கு அந்த வாரம் வேலை தலைக்கு மேல் இருந்தது. நோட்டைப் பார்க்காமல் கை போன போக்கில் இரண்டுக்கும் ஒரே அளவை அடுக்கிவிட்டேன். அப்புறம் எண்களை நோட்டில் எழுதும்போதும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

அதனால்தான் நீ கேட்ட சோதனையை நான் நடக்க விடவில்லை. இந்தச் சாவி இருந்தாலே ஆபத்து என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லி, அங்கேயே அரத்தால் தேய்த்து அதன் பல்லை மழுக்கினேன். நீ பலகைப் பக்கம் திரும்பினாய். தபால்காரரின் கொக்கி காலியாக இருந்தது. அந்தச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. தையல்காரம்மாவின் சாவியை அங்கே போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றுவதற்கு முன்பே, சாயங்காலத்துக்குள் அவர் வீட்டுப் பூட்டை மாற்றிக் கொடுத்து, தெருவில் நல்ல பெயரும் வாங்கிக்கொண்டேன். அளவு நோட்டை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். சொந்தத் தம்பிக்குப் பயந்து போட்ட பூட்டு அது.

அப்புறம் நாலைந்து வீட்டில் வேலைக்கு உன்னை அனுப்ப வேண்டாம் என்றார்கள். நானும் சரி என்று தலையாட்டினேன். நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியபோது, பழைய சாவிகளைத் துடைத்துக்கொண்டு குனிந்தே இருந்தேன். வெட்கமாக இருக்கிறது, தம்பி. எழுதும்போதே காது சுடுகிறது.

நேற்றுக் காலை நோட்டை எடுத்துக்கொண்டு முதலில் தபால்காரரிடம் போனேன். கண்ணுக்கு ஆபரேஷன் ஆகி இப்போது தெளிவாகப் பார்க்கிறார். ஒரே எண்கள் இருந்த இரண்டு வரியையும் விரல் வைத்துப் படித்துவிட்டு நோட்டை மூடிக் கொடுத்தார். உட்காரச் சொல்லவில்லை. தையல்காரம்மா மிஷினை நிறுத்தாமலே கேட்டார். முடித்ததும் எழுந்து என்னோடு கடைக்கு வந்து, தன் சாவியைக் கொக்கியிலிருந்து கழற்றிக்கொண்டார்.

“உங்க தம்பி வந்து கேக்கட்டும். அவர் கையிலதான் குடுப்பேன்” என்றார்.

விஷயம் பரவி, இன்று மத்தியானத்துக்குள் பதினோரு வீட்டுக்காரர்கள் வந்து சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். யாரும் திட்டவில்லை. ஒவ்வொரு சாவியையும் அண்ணிதான் எடுத்துக் கொடுத்தாள். கடையைச் சாத்திய பிறகு என்னிடம் முதல் வார்த்தை பேசினாள். சாப்பிட வரச் சொன்னாள்.

சான்றை இதோடு வைத்திருக்கிறேன். வழக்கமான வாசகம் எதுவும் எனக்கு வரவில்லை. ‘மேசை இழுப்பறையில் நான் பூட்டி வைத்ததைத் திறந்திருந்தால் இவன் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். அந்தப் பூட்டைத் திறக்க இவனுக்கு அரை நிமிஷம் போதும். ஒரு மாதம் அதன் பக்கத்திலேயே வேலை பார்த்தும் திறக்கவில்லை’ என்று எழுதியிருக்கிறேன். சங்கத்தில் இது செல்லுமா என்று தெரியவில்லை. செல்லாது என்றால் சொல், வேறு எழுதித் தருகிறேன்.

உன் கடை நன்றாக நடக்க வேண்டும். முதல் பூட்டை அடுக்குவதற்கு முன்னால் ஒரு நோட்டு போட்டுவிடு. குழந்தைக்கு என் ஆசீர்வாதம். பெரியப்பா என்று ஒருவன் இருப்பதை அதற்குச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

நாலு வருஷத்தில் இந்தத் தெருவில் எத்தனையோ வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டேன். மாடியில் உன் அறைப் பூட்டை மட்டும் தொடவில்லை. உன்னிடம் இருக்கிற சாவியே அதற்குப் போதும்.

இப்படிக்கு,
உன் முகத்தில் விழிக்கக் கூசுகிற
அண்ணன்